பூதம் வராது, தோழர்களே!

பூம்புகாரில் முன்பு சதுக்கப் பூதம் ஒன்று இருந்ததாம். போலிச் சாமியார், பொய்ச்சாட்சி சொல்பவன், துரோகம் செய்யும் மந்திரி ஆகியவர்களை அது கயிற்றால் பிடித்துத் தின்னுமாம். இது சிலப்பதிகாரம் சொல்லும் கதை. "அப்படியொரு பூதம் இன்றிருந்தால் எத்தனை மந்திரிகள் மிஞ்சுவார்கள்!" என்று காப்பிக் கடையில் பெருமூச்சு விடும் தோழர்களை ஒன்று கேட்கிறோம்: ஓட்டுக்குக் காசு கொடுத்தவனைத் தின்னும் பூதம் வாங்கினவனை மட்டும் சும்மா விடுமா?

தஞ்சாவூர்ச் சங்கதி மறந்துபோயிற்றா? 2016 மே மாதத்தில் தஞ்சாவூர், அரவக்குறிச்சி ஆகிய இரண்டு சட்டசபைத் தொகுதிகளிலும் ஓட்டுக்குப் பணம் புரண்டதென்று தேர்தல் கமிஷன் தேர்தலையே ரத்து செய்தது. நவம்பர் 19-ந் தேதி மறுபடி தேர்தல் நடந்தது. பெரிய கட்சிகள் அதே அபேட்சகர்களையே நிறுத்தின. ஓட்டர்களும் அவர்களில் ஒருவரையே ஜெயிக்க வைத்தார்கள். கட்சிகளுக்குத்தான் வெட்கமில்லை, நமக்காவது இருந்ததா?

"பணம் வாங்கிச் சத்தியமும் செய்துவிட்டோம், மாறினால் சாமி கண்ணைக் குத்துமே" என்று நடுங்குவோரும் உண்டு. பதவிப் பிரமாணத்தை மீறிக் கொள்ளையடிக்கிறவன் கண்ணை எந்தச் சாமி குத்திற்று? லஞ்சம் கொடுப்பதைப் போலவே வாங்குவதும் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிது மானக்கேடு. ஒரு நாள் நடவுக்கே கூலி பேசி வாங்குகிற நாம், ஐந்து வருஷத்தை ஒரு நோட்டுக்கு விற்கலாமா? சந்தையில் மாட்டை விற்றவன் மறுநாள் போய்ப் பால் கேட்பதில்லை. ஓட்டை விற்றவன் மட்டும் எந்த வாயால் கடைமடைக்குத் தண்ணீர் கேட்பான்?

ஆகவே பூதமும் வராது; அவதாரமும் வராது. அயோக்கிய மந்திரியைப் பிடிக்கும் கயிறு உங்கள் ஓட்டுத்தான். அதை விற்றுவிட்டுச் சதுக்கத்தில் நின்று அழாதீர்கள்!