இரத்தம் கொடுக்கிறோம், இந்த ஊசியை யார் கொடுப்பது?

இரத்ததான முகாம் என்றால் முதல் ஆளாக வரிசையில் நிற்கும் இளைஞர்களே! நள்ளிரவில் போன் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடி, கேட்பவர் எந்த மதம், எந்த ஜாதி என்று பார்க்காமல் கையை நீட்டிவிட்டு வரும் வணிகச் சகோதரர்களே! உங்களிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும்.

எத்தனை பாட்டில் இரத்தம் ஏற்றினாலும் இரத்தப்போக்கு நிற்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைவது இரத்தம் அல்ல. இரத்தத்தை உறைய வைக்கிற ஒரு பொருள். ஹீமோபிலியா என்பது அந்த நோயின் பெயர். எல்லாச் சமுதாயத்திலும் உண்டு, நம் தெருவிலும் உண்டு. ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேருக்கு ஒருவருக்கு ஹீமோபிலியா 'ஏ' வகை வருகிறது. 'பி' வகை அதைவிடக் குறைவு.

இந்த நோய் என்றதும் சின்னக் கீறலில் இரத்தம் கொட்டிச் சாவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. கீறல் அவர்களைக் கொல்வதில்லை. வெளியே தெரியாமல் மூட்டுக்குள் கசிகிற இரத்தம்தான் முடமாக்குகிறது. இரவு நன்றாகப் படுத்த பையன் காலையில் முழங்கால் பந்துபோல் வீங்கி எழுகிறான். அந்த வாரம் பள்ளிக்கூடம் இல்லை. அடுத்த மாதம் கணுக்கால், பிறகு முழங்கை. பத்து வருடம் இப்படியே போனால் மூட்டு தேய்ந்து இறுகிவிடுகிறது. பள்ளிவாசலில் இருபது வயதுப் பையன் நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதைப் பார்த்து, 'இந்த வயதிலேயே சோம்பலா?' என்று முகம் சுளித்தவர்கள் நம்மில் உண்டு. அவனுக்கு ஸஜ்தாவுக்கு முழங்கால் மடங்காது என்பது யாருக்குத் தெரியும்?

இந்த நோயை உலகம் எப்போது அறிந்தது? நம் இளைஞர்கள் பெயரளவில் கேள்விப்பட்டிருக்கும் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, கொர்தோபாவின் அறுவை மருத்துவ மேதை, 1013ஆம் ஆண்டு வாக்கில் மறைந்தவர். காயம் பட்டால் இரத்தம் நிற்காமல் ஆண்கள் இறந்துபோகும் ஒரு கிராமத்தைப் பற்றித் தமது 'அத்தஸ்ரீஃப்' என்ற நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஆயிரம் வருடம் ஆகிவிட்டது. அவர் பெயரைச் சொல்லி மேடையில் பெருமைப்படுகிறோம். அவர் பார்த்த நோயாளிகளின் வாரிசுகளை நாம் பார்த்தோமா?

சரி, மருந்து என்ன? வியாபாரிகளுக்குப் புரியும் கணக்கில் சொல்கிறேன். சந்தையில் சரக்கு இருக்கிறது, வாங்குபவரும் இருக்கிறார். இருவரையும் சேர்த்து வைக்கும் தரகர் வரவில்லை என்றால் வியாபாரம் நடக்காது. இரத்தத்தில் 'ஃபாக்டர்' என்று எண் போட்ட புரதங்கள் இருக்கின்றன. 9ஆம் ஃபாக்டரையும் 10ஆம் ஃபாக்டரையும் சேர்த்து வைக்கும் தரகர்தான் 8ஆம் ஃபாக்டர். 'ஏ' வகை நோயாளிக்கு அந்தத் தரகர் இல்லை, அல்லது மிகக் குறைவு. நூற்றில் ஒரு பங்குகூட இல்லாதவர்களுக்குத்தான் நோய் கடுமையானது.

இல்லாத ஃபாக்டரை வெளியிலிருந்து நரம்பில் ஏற்றுவதுதான் நெடுநாள் வைத்தியம். அடிபட்ட பிறகு ஏற்றுவதைவிட அடிபடும் முன்பே ஏற்றிக்கொண்டே இருந்தால் மூட்டு தப்பும் என்பதை 1958இலேயே ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 65 சிறுவர்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. முன்கூட்டியே மருந்து பெற்றவர்களில் 93 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் மூட்டுகள் பழுதின்றி இருந்தன. இரத்தம் கசிந்த பிறகு மட்டும் பெற்றவர்களில் அது 55 சதவீதம்தான்! ஆனால் ஃபாக்டர் 8 உடலில் தங்குவது மிகக் குறைந்த நேரம். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும். எனவே வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நரம்பில் ஊசி. இரண்டு வயதுக் குழந்தையின் கையில் நரம்பு தேடிக் குத்துவதைக் கண்ட தாயிடம் கேட்டுப் பாருங்கள். கடும் நோய் உள்ள 'ஏ' வகையினரில் பத்துப் பேருக்கு மூன்று பேர்வரை, ஏற்றிய ஃபாக்டரையே உடல் எதிரியாக நினைத்து எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிடுகிறது. பிறகு அந்த மருந்தும் வேலை செய்யாது.

இன்னொரு கொடுமையும் நடந்தது. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைக் கலந்து செய்த ஃபாக்டர் மருந்துகள் 1970களிலும் 80களிலும் பணக்கார நாடுகளிலேயே எய்ட்ஸ் கிருமியையும் ஹெபடைடிஸ்-சி கிருமியையும் பரப்பின. பிரிட்டனில் இது பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்தது 2024 மே மாதத்தில்! உண்மை மறைக்கப்பட்டது என்று அந்த அறிக்கையே சொன்னது. நோயாளிகள் ஒன்றுசேர்ந்து விடாமல் கேட்டதால்தான் அதுவும் வந்தது.

இப்போது வந்திருக்கிறது எமிசிசுமாப் என்ற மருந்து. ஹெம்லிப்ரா என்பது விற்பனைப் பெயர். ஜப்பானியர் கண்டுபிடித்தது. 2017 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. இது ஃபாக்டர் 8 அல்ல, மனித இரத்தத்திலிருந்து எடுப்பதும் அல்ல, ஆய்வுக்கூடத்தில் செல்களில் வளர்த்து எடுக்கும் ஒரு புரதம். ஒரு கையால் 9ஐப் பிடிக்கிறது, மறு கையால் 10ஐப் பிடிக்கிறது. வராத தரகருக்குப் பதிலாக இன்னொரு தரகர்! எதிர்ப்புப் பொருள் உண்டானவர்களுக்கும் இது வேலை செய்கிறது. நரம்பு தேட வேண்டாம். சர்க்கரை நோயாளி இன்சுலின் போடுவதுபோல் தோலுக்கு அடியில் போட்டால் போதும். முதல் நான்கு வாரம் வாரம் ஒன்று. பிறகு வாரம் ஒருமுறையோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ, நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ மருத்துவர் முடிவு செய்வார். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு வாராந்தரக் கணக்கில் 30 மில்லிகிராம். 2018இல் வெளிவந்த ஆய்வில், தடுப்பு மருந்தே எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் இதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு இரத்தக்கசிவு 96 சதவீதம் குறைந்திருந்தது.

அதற்காக இதை மந்திர ஊசி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது நோயைத் தீர்ப்பதில்லை, நிறுத்தினால் பழைய நிலைதான். 'பி' வகைக்கு உதவாது. இதைப் போட்டுக்கொள்பவருக்கும் பெரிய அடி, ஆபரேஷன் என்றால் ஃபாக்டர் தேவைப்படும். எதிர்ப்புப் பொருள் உள்ளவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஏ.பி.சி.சி. என்ற மருந்தை இதோடு அதிக அளவில் சேர்த்தபோது இரத்தக்குழாய்களில் ஆபத்தான உறைவு ஏற்பட்டிருக்கிறது. இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் சில பரிசோதனைகளும் இந்த மருந்தால் தவறான முடிவைக் காட்டும். ஆகவே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக 'பையனுக்கு எமிசிசுமாப் போடுகிறோம்' என்று சொல்ல வேண்டும். சீட்டில் எழுதிப் பையனின் சட்டைப் பையில் வைத்தாலும் நல்லது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நம்மிடையே பல குடும்பங்களுக்கு இந்த நோய் தெரியவருவதே சுன்னத்து நாளில்தான். விருந்து தயார், உறவினர் கூடியிருக்கிறார்கள், பையனுக்கு இரத்தம் நிற்கவில்லை! முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். தாயின் சகோதரர்கள், தாயின் தாய்மாமன்கள், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள் யாருக்காவது பல் பிடுங்கியபோதோ, சுன்னத்தின்போதோ இரத்தம் நிற்காமல் போனதுண்டா? உண்டு என்றால் தெருமுனை லேபில் பி.டி., சி.டி. பார்த்து 'நார்மல்' என்று வந்ததை நம்பி உட்காராதீர்கள். பி.டி. இந்த நோயில் சரியாகவே இருக்கும். சி.டி.யும் லேசான நோயைக் காட்டாது. ஃபாக்டர் அளவைப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். நோய் இருந்தாலும் சுன்னத்துக்குத் தடையில்லை. ஃபாக்டர் கொடுத்து, மருத்துவமனையில், அனுபவமுள்ள மருத்துவர் செய்ய வேண்டும். அதுவரை தள்ளிப்போட்டால் ஜமாஅத்தில் என்ன சொல்வார்கள் என்று அஞ்சும் பெற்றோருக்கு ஆலிம்கள் தைரியம் சொல்ல வேண்டும்.

அடுத்தது வேதனையானது. பிள்ளைக்கு நோய் என்றதும் பழி தாயின் தலையில்! 'உன் வீட்டு நோய்' என்று அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஆண்கள் இருக்கிறார்கள். நோயின் மரபணு தாய்வழியாக வருவது உண்மைதான். ஆனால் நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்குமே நோய் இருந்ததில்லை, புதிதாக ஏற்பட்ட மாற்றம் அது. தன் இரத்தத்தில் இருப்பது தனக்கே தெரியாத பெண் என்ன குற்றம் செய்தாள்? பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை ஆண்ட விக்டோரியா மகாராணியிடமிருந்து ரஷ்ய, ஸ்பெயின் அரண்மனைகள்வரை போன நோய் இது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பதும் தவறு. தாய் ஒருத்தி மரபணுவைச் சுமந்தால் போதும், கணவன் யாராக இருந்தாலும் மகனுக்கு வரக்கூடும். ஆனால் நோயுள்ள ஆணுக்கு அவனுடைய தாய்வழிச் சொந்தத்தில் பெண் பார்ப்பதாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கும் பரிசோதனை தேவை. அங்கே பெண் குழந்தைக்கும் நோய் வர வழியுண்டு.

மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்குத் தனியாக. மூட்டு வீங்கி வரும் பையனுக்கு வலி மாத்திரை என்று டைக்ளோஃபெனாக்கையோ ஆஸ்பிரினையோ எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். இரத்தக்கசிவை அதிகமாக்கும் மாத்திரைகள் அவை. பாராசிட்டமாலோடு நிறுத்தி, 'அடிக்கடி வீங்குமா? யாருக்காவது இப்படி இருக்கிறதா?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால் ஒரு குடும்பம் சரியான மருத்துவரிடம் போய்ச்சேரும். சதையில் ஊசி போடுவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். செலவை யார் தருவது? ஏழை வீடு எண்ணிப் பார்க்கவே முடியாத விலை இந்த ஊசிக்கு. வசூல் செய்து கொடுத்துவிடலாம் என்று நம் இளைஞர்கள் உடனே கிளம்புவார்கள். அந்த மனதைப் பாராட்டுகிறேன். ஆனால் கணக்குப் பாருங்கள். ஒரு ஆபரேஷனுக்கு வசூலித்தால் வேலை முடிந்தது. இது ஆயுள் முழுக்கப் போட வேண்டிய ஊசி. முதல் மாதம் ஜமாஅத் கொடுக்கும், இரண்டாம் மாதம் துபாயிலிருந்து யாராவது அனுப்புவார்கள், ஆறாவது மாதம் யார்? ஜகாத் பணத்தை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும், கூலியை இழந்து பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் தகப்பன் வீட்டு அரிசிக்கும் கொடுங்கள். மருந்தை அரசாங்கம் தர வேண்டும். தர முடியாததும் அல்ல. 18 வயதுக்குட்பட்ட ஹீமோபிலியா பிள்ளைகளுக்கு எமிசிசுமாப் இலவசமாகத் தருவதாகக் கேரள அரசு 2024இல் அறிவித்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள் 8ஆம் ஃபாக்டரின் மரபணுவை நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லில் ஏற்றி, ஐந்து பேருக்குச் சிகிச்சை செய்து, அதன்பிறகு இரத்தக்கசிவே இல்லை என்ற முடிவை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்த வேலை நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது. அந்தச் சிகிச்சை எல்லோருக்கும் வந்துசேரும்வரை பிள்ளைகளின் மூட்டு காத்திருக்காது.

சட்டத்தையும் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றிதழ் இருந்தால் உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். ஆனால் அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டைச் சொல்லும் 34ஆவது பிரிவில் இரத்த நோய்களின் பெயர் இல்லை! கை கால் முடமானவருக்கு அங்கே இடம் உண்டு. ஆக, பையனின் மூட்டைக் காப்பாற்றினால் ஒதுக்கீடு இல்லை, கெடவிட்டால் உண்டு. இந்த விசித்திரத்தை நம் எம்.பி.க்கள் எவராவது நாடாளுமன்றத்தில் எழுப்பக் கூடாதா?

அரசு வேலை கிடைக்கும்வரை உங்கள் கடைக் கல்லாவும் கணக்குப் புத்தகமும் இருக்கின்றன, முதலாளிமார்களே. மூட்டை தூக்கச் சொல்லாதீர்கள், உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுங்கள். மாதத்தில் ஒருநாள் ஊசிக்குப் போனால் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

இளைஞர்களே, ஊர்க் கிளையில் அடுத்த கூட்டத்தில் இதை எடுங்கள். உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இரண்டு பேர் போய், ஹீமோபிலியா சிகிச்சைப் பிரிவு எந்த நாளில் நடக்கிறது, ஃபாக்டர் எப்போதும் இருப்பு இருக்கிறதா, எமிசிசுமாப் எந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தருகிறார்கள் என்று நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரத்ததான முகாம் நோட்டீசில் அந்த விவரத்தையும் போடுங்கள். ஊரில் எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுங்கள், எல்லா மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்து. பெயரை ஊரறியச் சொல்ல விரும்பாத குடும்பத்தின் பெயரை வெளியிடாதீர்கள். இல்லாததைக் கேட்டு, அந்தப் பெற்றோரை முன்னால் நிறுத்தி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசின் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். நகலை மருத்துவமனை டீனுக்கும் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்புங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பி வராதீர்கள்.