வீட்டுத் தோட்டம்: பொன்னிறப் பூ மரம்

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் சிட்னி, பிரிஸ்பேன் தெருக்களில் ஊதா நிற ஜக்கரண்டாவைக் கண்டு மகிழும் அன்பர்கள், அருகே பொன்மஞ்சளாகப் பூத்து நிற்கும் நெடுமரத்தையும் கவனித்திருப்பார்கள். ஜக்கரண்டா தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மற்றது இம்மண்ணுக்கே உரிய 'சில்கி ஓக்'. தாவரவியலார் அதனைக் கிரெவில்லியா ரொபஸ்டா என்பர். நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியும் குயீன்ஸ்லாந்தின் தென்பகுதியும் அதன் தாயகம்.

நம்மவர்க்கு இம்மரம் புதிதன்று. நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் தேயிலைக்கு நிழலாக நடப்பட்டது இதுவே. நீலகிரியில் 'சில்வர் ஓக்' என்றால் யாவரும் அறிவர்.

பூவில்லாத காலத்தில் இரண்டையும் மாறி அறிவதுண்டு. இரண்டின் இலையும் பன்னம் போன்றது. இலையைத் திருப்பிப் பார்த்தால் ஐயம் தீரும். சில்கி ஓக்கின் இலையடி வெள்ளி போல் மின்னும். ஜக்கரண்டாவின் இலைகள் காம்பில் எதிரெதிராக இருக்கும். இதன் இலைகள் மாறி மாறி வரும். பூவோ பல்துலக்கும் பிரஷ் போல ஒரே பக்கமாக நிமிர்ந்து நிற்கும். அதன் தேனுக்குக் கிளிகள் கூட்டமாக வரும்.

சிறு படகு போன்ற காய் வெடிக்குமுன் பறித்து, புதுவிதையையே ஊன்றவேண்டும். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். இக்குடும்பத்துச் செடிகளுக்குப் பொஸ்பரஸ் மிகுந்த உரம் ஆகாது, கோழியெருவையும் தவிர்க்கலாம். மரம் 20 முதல் 30 மீற்றர் வரை உயரும். புயற்காற்றில் கிளை முறியும். ஆகவே வீட்டுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் தூரத்தில் நடுக. சிறிய வளவுக்கு இது ஏற்றதன்று.

கிளை தறிப்போர் ஒன்றை மறக்கலாகாது. மாம்பால் பட்டுத் தோல் புண்ணாவதை நாம் அறிவோம். அதற்குக் காரணமான பொருளுக்கு நெருங்கிய இனப் பொருள் இம்மரத்திலும் உண்டு. எல்லோரையும் அது தாக்குவதில்லை. ஆனால் மாங்காய்ப் பாலோ முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயோ ஒத்துக்கொள்ளாதவர் கூடுதல் கவனமாயிருத்தல் நன்று. அரிப்பும் கொப்புளமும் உடனே தோன்றாமல் ஓரிரு நாள் கழித்தே வருவதால், பலர் உண்ட உணவின் மேல் பழி போடுவர். கையுறையும் நீண்ட கைச்சட்டையும் அணிந்து வேலை செய்க. முடிந்தவுடன் சோப்பிட்டுக் கழுவி, உடுப்பையும் தோய்க்க வேண்டும். முகத்திலோ கண்ணருகிலோ வீக்கம் கண்டால் வைத்தியரை நாடுக. எந்த மரத்தைத் தொட்டோம் என்பதையும் மறவாமல் சொல்லுக.