நாணயத்துக்குச் சட்டம் உண்டு; துறைக்கு?

2023 ஏப்ரல் 3-ஆம் நாள் டில்லியில் ஒரு விழா. மத்தியப் புலனாய்வுத் துறைக்கு, அதாவது சி.பி.ஐ.க்கு, வைரவிழாவாம்! தலைமை அமைச்சர் அஞ்சல் தலை வெளியிட்டார். நினைவு நாணயமும் வெளியிட்டார்.

நாணயம் கண்டோம், மகிழ்ச்சி! சட்டம் எங்கே என்று கேட்கிறோம்.

நாணயத்துக்குச் சட்டம் இருக்கிறது. நினைவு நாணயம் எது என்பதைக்கூட 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் வரையறுத்துச் சொல்கிறது. ஆனால், எந்தத் துறையைப் போற்றி அந்த நாணயம் வார்க்கப்பட்டதோ, அந்தத் துறைக்கென்று நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் உண்டா? இல்லை! 1963 ஏப்ரல் முதல் நாள் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஒரு தீர்மானமே அதன் பிறப்புச் சீட்டு. அதிகாரமோ, டில்லிச் சிறப்புக் காவல் அமைப்புக்காக 1946-இல் எழுதப்பட்ட சட்டத்திடம் வாங்கிய இரவல்!

தனிச்சட்டம் வேண்டும் என்று 1978-இலேயே எல்.பி.சிங் குழு பரிந்துரைத்தது. கேட்டார்களா? 2013 நவம்பர் 6-இல், அந்த 1963 தீர்மானமே செல்லாது என்றது கவுகாத்தி உயர்நீதிமன்றம். மூன்றே நாளில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தீர்ப்பு நின்றது, கேள்வி நின்றுவிடவில்லை! அதே ஆண்டு மே திங்களில் இத்துறையைக் கூண்டுக்கிளி என்று சாடியதும் அதே உச்சநீதிமன்றந்தான்.

“அப்படியானால் சி.பி.ஐ.யே வேண்டாமா?” என்று சிலர் சீறக்கூடும். அவ்வாறு நாம் சொல்லவில்லை. நம் திருப்பூரில் பாசி நிறுவனம் பொதுமக்களின் பணத்தை விழுங்கியபோது, உயர்நீதிமன்ற ஆணைப்படி துருவியது அத்துறையே. 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டுச் சிறை விதித்தது. அதை மறைக்க மாட்டோம். ஆனால், இன்று மோசடிக்காரனைப் பிடிக்கும் கை, நாளை ஆள்வோருக்கு ஆகாதவனைப் பிடிக்காது என்பதற்கு உறுதி எது? சட்டம் அன்றோ!

காவல், அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலுக்கு உரியது. டில்லியின் கை மாநிலத்துக்குள் நீள வேண்டுமானால் மாநிலத்தின் இசைவு வேண்டும். நாணயம் வெளிவந்த இரண்டே திங்களில், 2023 சூனில், தமிழ்நாடு அரசு தன் பொது இசைவைத் திரும்பப் பெற்றது. ஏன்? நம்பிக்கையை அச்சுக்கூடத்தில் வார்க்க முடியாது என்பதனால்!

1932-இல் காவலர் தடியடியில் குமரன் வீழ்ந்த ஊர் இது. கட்டற்ற காவல் அதிகாரம் எது செய்யும் என்று இந்த ஊருக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. செக்கிங் மேசையைத் தாண்டாத பனியனைப் பெட்டியில் அடுக்காத தொழிலாளருக்கும் இது புரியும்: சோதனை முந்தியது; பாராட்டு பிந்தியது.

தோழர்களே! தமிழில் நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மை. முதலாவதை வார்த்துவிட்டார்கள். இரண்டாவதற்கு வேண்டியது உலோகம் அன்று. மாநில உரிமையை மதிக்கும், ஆள்வோரின் விரலசைவுக்கு ஆடாத, மக்கள் மன்றத்துக்குக் கணக்குக் காட்டும் சட்டம். அதை இயற்றட்டும், அப்புறம் விழா எடுக்கட்டும்!