கண்ணிருந்தும் காணாத கணிப்பொறி

இது கணிப்பொறி யுகம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். விண்ணுக்குக் கலம் அனுப்புகிறோம். வீட்டுக்கு வீடு செல்பேசி வைத்திருக்கிறோம். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் கல்யாண வீட்டில் படம்பிடித்த ஒரு வீடியோ கேமராவைக் கணிப்பொறியோடு இணைத்துப் பாருங்கள். "அப்படி ஒரு கருவியே இல்லை" என்று அது கைவிரித்துவிடும். உடனே நாம், "கேமரா போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதி, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறோம். இது சரியா என்பதே என் கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணிப்பொறி காணவில்லை என்பது கேமராவின் மரணச் சான்றிதழ் அன்று. பல வேளைகளில் அது இரண்டு கருவிகளுக்கு இடையே உள்ள மொழித் தகராறு. அதைத் தீர்த்துவைக்க வேண்டியவர்கள் அறிவியல் படிக்கும் நாம்தான்.

காரணத்தைப் பார்ப்போம். 'மினி டி.வி.' என்ற சிறு கேசட் 1995-இல் வந்தது. இங்கே டி.வி. என்றால் தொலைக்காட்சி அன்று, டிஜிட்டல் வீடியோ. அந்த நாடாவிலிருந்து படம் மட்டும் வினாடிக்குச் சுமார் இரண்டரைக் கோடி பிட்டுகளாக வெளிவரும். 1996-இல் வந்த முதல் யூ.எஸ்.பி. இணைப்பிலோ வினாடிக்கு 1.2 கோடிக்கு மேல் செல்லாது. ஒற்றையடிப் பாதையில் லாரி போகுமா? ஆகவே வினாடிக்கு 40 கோடி பிட்டுகள் செல்லும் ஃபயர்வயர் என்ற இணைப்பை வைத்தார்கள். அந்நாளைய பல கேமராக்களில் யூ.எஸ்.பி. துளையும் இருக்கும், ஆனால் அது நினைவக அட்டையில் உள்ள நிழற்படங்களுக்கு மட்டுமே. நாடாவில் உள்ள படம் ஃபயர்வயர் வழியாகத்தான் வரும். தவறான வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று திரும்பலாமா?

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தரும் முதற்பாடம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப்பார் என்பது. இங்கும் அதுவே வழி. முதலில், பேட்டரியை நம்பாமல் மின் இணைப்புக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, கேமராவைப் படம்பிடிக்கும் நிலையில் வைக்காமல், ஓட்டிப்பார்க்கும் நிலையில் வைக்க வேண்டும். நாடா இல்லாத பிற்கால கேமராவாயின், அதன் திரையிலேயே யூ.எஸ்.பி. இணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, கம்பி. சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் கம்பிகளில் செய்தி செல்லும் இழைகளே இரா. நான்காவது, இடையில் எந்தப் பிரிப்பானும் இன்றி நேராகக் கணிப்பொறியில் செருக வேண்டும். ஐந்தாவதாகத்தான் கணிப்பொறியின் டிரைவர் மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். ஃபயர்வயர் கம்பியை மட்டும் இரு கருவிகளையும் அணைத்துவிட்டுச் செருகுவதே நல்லது; ஆறு முனை வகையில் மின்சாரமும் வருவதால், தலைகீழாகச் செருகினால் துளையே கருகிப்போகும்.

எங்கள் ஊர் கொடைக்கானல் நாயுடுபுரம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தாய்மாமா வாங்கிய பழைய கேமராவை ஒரு கடையில், "செத்துப்போச்சு தம்பி, தூக்கிப் போடுங்க" என்றார்கள். ஆனால் கேமராவின் சிறு திரையில் கேசட் ஓடியது. ஓடுவது எப்படிச் செத்ததாகும்? வத்தலக்குண்டில் ஒரு ஸ்டுடியோவில் தூசு படிந்து கிடந்த பழைய கணிப்பொறியில் ஃபயர்வயர் துளை இருந்தது. அதில் இணைத்ததும் அது கேமராவை அறிந்துகொண்டது. ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சுமார் 13 ஜிகாபைட் இடம் பிடித்தது. அதில், மறைந்துபோன என் பாட்டி திண்ணையில் மலைப்பூண்டை முடிந்துகொண்டே மாமாவை ஏசிக்கொண்டிருந்தார்.

படித்த குடும்பங்களுக்கு நாட்குறிப்பு உண்டு, கடிதங்கள் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாத என் பாட்டிக்கு அந்த நாடா ஒன்றுதான் ஏடு. அதை இரும்புக்குப் போட யாருக்கு மனம் வரும்?

"கையில் செல்பேசி இருக்க, இந்தப் பழம்பொருளைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். எங்கள் மலையிலேயே விடை இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வைத்தார்கள். அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டல் வடிவுக்கு மாற்றியதால்தான், நூறாண்டுச் சூரியனை இன்றைய கணிப்பொறி படிக்கிறது. சூரியனுக்குச் செய்ததைப் பாட்டிக்குச் செய்யக் கூடாதா?

காலமும் அதிகமில்லை. மலையின் பனியும் ஈரமும் நாடாவில் பூஞ்சணத்தை வளர்க்கும். நாடாவை ஓட்டும் கருவிகள் அருகிவருவதைக் கருதி, யுனெஸ்கோவின் திட்டமொன்று 2019-லேயே 'காந்த நாடா எச்சரிக்கை' விடுத்தது. 2025-இல் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் மேக் இயங்குதளம் ஃபயர்வயரைக் கைவிட்டுவிட்டது. இனி வரும் கணிப்பொறிகள் நம் கேமராவை மேலும் மேலும் மறக்கும்.

ஆகவே கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். கழித்துக்கட்டும் பழைய கணிப்பொறிகளில் ஒன்றை இயற்பியல் துறையில் நிறுத்திவையுங்கள். அதில் ஒரு ஃபயர்வயர் அட்டை இருக்கட்டும். அதைவிடப் பழைய கேசட்டுகளுக்காக மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை ஏற்கும் ஒரு மாற்றுக்கருவியும் இருக்கட்டும். சனிக்கிழமைதோறும் மாணவர்கள் நாங்கள் முறைவைத்து உட்காருகிறோம். ஊர் மக்கள் தங்கள் கேசட்டுகளைக் கொண்டுவரட்டும்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கேமரா உறங்கிக்கொண்டிருக்கலாம். அதை இரும்புக் கடைக்குக் கொடுக்கும் முன், அதற்குரிய கம்பி எது என்று ஒருமுறை தேடிப்பாருங்கள்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்