முப்பத்தொன்றாம் தேதி எங்கே போயிற்று?

பேரேட்டை நம்பிய நாம் இன்று கணினியை நம்புகிறோம். நம்புவதில் தவறில்லை, ஒத்துப் பார்க்காமல் நம்புவதுதான் தவறு.

நாம் போடும் பில்கள் மென்பொருள் கம்பெனியின் கணினியில் போய்ச் சேருகின்றன. ஆடிட்டரின் கணினி அதனிடம் தேதி சொல்லி இணையம் வழியே கணக்குக் கேட்கிறது. இப்படிக் கேட்கும் முறைக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். 2025 மார்ச் 1 முதல் 31 வரை கேட்டோம். சிட்டையைவிடத் தொகை குறைந்தது. 31-ந் தேதி விடிந்த பிறகு போட்ட பில் ஒன்றுகூட இல்லை. கணக்கு எழுதும் தம்பியைக் கோபித்துக்கொண்டோம். பாவம், பிழை அவரிடம் இல்லை.

"31 வரை" என்றால் நமக்கு அன்று கடை அடைக்கும் வரை. மணி குறிப்பிடாவிட்டால் பல கணினிகளுக்கு அது 31 பிறக்கும் நேரம் வரைதான். "ஏப்ரல் 1-க்கு முன்பு வரை" என்று மாற்றிக் கேட்டதும் பில்கள் வந்தன. கூடவே ஏப்ரல் 1 விடியற்காலை 4 மணி பில்லும் வந்தது! அந்தக் கணினி உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. நமது காலை 4 மணி அதற்கு முந்தின நாள் இரவு பத்தரை. விடியுமுன் சரக்கு ஏற்றும் நமக்கு இது சிறு விஷயமா? ஒரு நிதியாண்டின் விற்பனை மற்றொன்றில் ஏறிவிடுமே!

இன்னொன்று: 05/04 என்றால் நமக்கு ஏப்ரல் 5, அமெரிக்க வழக்கில் மே 4. ஐ.எஸ்.ஓ. 8601 முறைப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-05 என எழுதினால் குழப்பமில்லை.

மாதந்தோறும் தாக்கல் செய்வோர் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தை அடுத்த மாதம் 11-ந் தேதிக்குள் கொடுக்க வேண்டும். விட்டுப்போன வரியைப் பின்னால் கட்டினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. "கணினி விட்டுவிட்டது" என்றால் வட்டி குறையாது.

எனவே மென்பொருள் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசி நாள் முழுதும் சேருமா? இந்திய நேரமா? தேதி எந்த வரிசையில்? மாதத்தின் முதல் நாள், கடைசி நாள் பில்களைச் சிட்டையோடு ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். கணினி வந்துவிட்டதென்று சிட்டையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். நமக்குச் சாட்சி அதுதான்.