மூவர் கையிலச்சினையும் ஒரு செல்பேசியும்

தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளின் கதை வாசகர்களுக்குப் புதிதன்று. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதை அது. ஏடுகள் உள்ள அறையை நம்பியாண்டார் நம்பி சுட்டிக்காட்டுகிறார். மன்னன் திறக்கச் சொல்கிறான். மூவரின் கையிலச்சினை இட்ட கதவு, அம்மூவரும் வந்தாலன்றித் திறவாது என்கின்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பிக்கிறான். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் சொரிந்து எடுத்தபோது கிடைத்தவை போக, அழிந்தவையே மிகுதி. இது வரலாறா, புராணமா என்ற வழக்குக்குள் இப்போது நாம் போகவில்லை. பூட்டைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நண்பர்கள் சிலர் சேர்ந்து சிதம்பரத்தில் ஒரு வீட்டிலும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டிலுமாக நானூறு புத்தகங்களை வைத்து, எங்களுக்குள் இரவல் கொடுத்து வாங்கி வருகிறோம். கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. எந்த நூல் எந்த ஊரில், யார் கையில் என்பதில் நோட்டுக்கும் அலமாரிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் வெகுநாளாகிறது. எங்களில் இளையவரான ஒருவர், புத்தகத்தின் பின்னட்டையில் என்.எஃப்.சி. ஸ்டிக்கர் ஒட்டி, செல்பேசிச் செயலி ஒன்றால் படித்துக்கொள்ளலாம் என்றார். மூத்தவர்கள் முகம் சுளித்தோம். பிறகு ஒப்புக்கொண்டோம்.

அந்த ஸ்டிக்கரைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறோம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம். உள்ளே மெல்லிய உலோகச் சுருள், நடுவில் மிளகில் பாதி கூட இல்லாத சில்லு. மின்கலம் கிடையாது. செல்பேசியின் முதுகிலுள்ள சுருள் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காந்தப்புலம் ஒன்றை எழுப்ப, அதிலிருந்தே தனக்கான மின்சாரத்தைப் பெற்றுச் சில்லு விழிக்கிறது. அந்தப் புலத்தையே லேசாக அசைத்து விடை சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு சென்டிமீட்டர் வெற்றிடம் மட்டும். ஆகாயத்தலத்தில் அமர்ந்து இதைச் செய்துபார்த்தபோது ஒரு நண்பர் ரகசியத்தையும் திரைச்சீலையையும் இழுத்துப் பேசத் தொடங்கினார். அவரை அடக்கிவிட்டு வேலையைப் பார்த்தோம்.

முதலில் ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பு ஆண்டு எல்லாவற்றையும் தமிழிலேயே சில்லுக்குள் எழுதிவிட எண்ணினோம். மலிவாகக் கிடைக்கும் என்டேக்-213 வகைச் சில்லில் நாம் எழுதக்கூடிய இடம் 144 பைட். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் மூன்று பைட் செலவாகிறது; மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் தனிக்குறிகள். ‘புதுமைப்பித்தன்’ என்ற பெயருக்கு மட்டும் பதினைந்து குறிகள், 45 பைட். இந்தக் கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவர், சொற்சிக்கனத்துக்குப் பெயர்பெற்றவர், தம் பெயராலேயே மூன்றில் ஒரு பங்கு இடத்தை அடைத்துக்கொண்டார்! ஆகவே சில்லில் வரிசை எண் மட்டும் போதும், மற்றவை பட்டியலில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. இட நெருக்கடியால் எடுத்த அம்முடிவே சரியான முடிவும் என்பது பின்னர்தான் விளங்கியது. சில்லில் நூலின் பெயர் இருந்தால், பையில் இருப்பது என்ன நூல் என்று அருகே வருபவன் கருவியால் அறிந்துகொள்ள இயலும். நூலகச் சில்லுகளின் இந்த ஆபத்தை பெர்க்லியைச் சேர்ந்த மோல்னரும் வாக்னரும் 2004லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

தடுமாற்றங்களுக்குக் குறைவில்லை. பொன்னிறத் தகடு ஒட்டிய அட்டைகளில் சில்லு வாய் திறப்பதேயில்லை. உலோகம் காந்தப்புலத்தை விழுங்கிவிடுகிறது. ஐபோனின் மேல் விளிம்பைக் காட்டவேண்டும், ஆண்ட்ராய்டு பேசிகளில் பலவற்றுக்கு முதுகின் நடுப்பகுதியைக் காட்டவேண்டும். எழுதியதை யாரும் மாற்றாதபடி நிரந்தரமாகப் பூட்டும் வசதி ஒன்று இருக்கிறது. பூட்டிவிட்டால் பூட்டியவராலும் திறக்க முடியாது. தவறான எண்ணை எழுதிப் பூட்டி ஐந்து ஸ்டிக்கர்களைக் கெடுத்தோம். எல்லாவற்றுக்கும் மேலாக, குறைந்த விலைப் பேசிகள் பலவற்றில் என்.எஃப்.சி. இருப்பதே இல்லை. எனவே அதே எண்ணை மையிலும் எழுதி வைத்தோம். இதை நவீனத்தின் தோல்வி என்று சிரித்த நண்பருக்கு எங்கள் பதில், மையையும் ஒரு தொழில்நுட்பம் என்றே நாங்கள் கருதுகிறோம் என்பதுதான்.

இவ்வளவும் வீட்டுக் கதை. எங்களை எழுதத் தூண்டியது வேறு. எங்களுக்குத் தெரிந்த ஒரு தனியார் நூலகம் (பெயர் வேண்டாம்) சில ஆண்டுகளுக்கு முன் பெருஞ்செலவில் தன் நூல்களுக்கெல்லாம் சில்லு பொருத்தியது. பொருத்திக் கொடுத்தவர்கள் தங்களுக்கே உரிய ஒரு முறையில் தகவலை எழுதி, கடவுச்சொல்லையும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். பிறகு தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். இன்று எங்கள் செல்பேசியை அந்நூல்களின் மேல் வைத்தால், ஆலையில் பொறித்த அடையாள எண்ணை மட்டும் சில்லு சொல்கிறது. மேற்கொண்டு கேட்டால் மௌனம். புதிய எண்ணை எழுதவும் வழியில்லை. கையிலச்சினை இட்டவர்கள் வரமாட்டார்கள். உருவம் செய்து எழுந்தருளச் செய்யவும் முடியாது.

பூட்டே கூடாது என்பதா எங்கள் கட்சி? இல்லை. பயணக் கட்டணம் செலுத்தும் அட்டைக்குப் பூட்டு வேண்டியதுதான். 2023இல் சென்னை மெட்ரோவில் வந்து 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளுக்கும் விரிந்த சிங்காரச் சென்னை அட்டையில் பணம் இருக்கிறது. அதன் திறவுகோல் நம் கையில் இருந்தால் ஊர் தாங்காது. ஆனால் அங்கும் ஒரு பாடம் உண்டு. உலகெங்கும் பேருந்து அட்டைகளில் புழங்கிய மைஃபேர் கிளாசிக் சில்லின் பூட்டு எவ்வாறு வேலை செய்கிறது என்பதே ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. அது 2007, 2008இல் ஆய்வாளர்களால் அவிழ்க்கப்பட்டது. நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தார் அதை வெளியிடாமல் தடுக்க உற்பத்தியாளர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் 2008 ஜூலையில் மறுத்துவிட்டது.

வேறொரு வகைப் பூட்டும் இருக்கிறது. 2025 மார்ச்சில் சென்னையில் தரத் தொடங்கிய மின்-கடவுச்சீட்டிலும் தொடர்பில்லாச் சில்லுதான். பன்னாட்டு விதிப்படி அதன் அடிப்படைத் திறவுகோல், கடவுச்சீட்டின் எண், பிறந்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றிலிருந்து பிறப்பது. மூன்றும் அதே கடவுச்சீட்டின் பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. புத்தகத்தை விரித்துக் காட்டியவரிடம் மட்டும் சில்லு பேசும். பரங்கிப்பேட்டையிலிருந்து கடல்கடந்து போகும் ஒருவர் தம் சட்டைப்பையில் எடுத்துச் செல்லும் இந்தப் பூட்டு, எங்களுக்குத் தெரிந்த பூட்டுகளில் நாகரிகமானது. (கொத்தட்டைச் சுங்கச்சாவடியில் காரின் கண்ணாடியில் படிக்கப்படும் ஃபாஸ்டேக் இந்த இனமன்று. அது வேறு அலைவரிசை; செல்பேசியின் என்.எஃப்.சி.யால் அதனுடன் பேச இயலாது. கேட்கப்போகிறவர்களுக்காக முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.)

நூலகத்துக்கு ஏற்ற பூட்டு எது? படிப்பது எவருக்கும் திறந்திருக்க வேண்டும். எழுதுவது நூலகரிடம் மட்டும் இருக்க வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் புக்கிட் பாத்தோக்கில் நூல்களுக்குச் சில்லு பொருத்தியது 1998இல். நம்மிடம் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் இத்தொழில்நுட்பம் வந்துவிட்டது. கடலூர் மாவட்ட மைய நூலகத்துக்கும் கிளை நூலகங்களுக்கும் ஒருநாள் வரும் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒப்பந்தப்புள்ளியில் சில வரிகள் இருக்கவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. சில்லில் தகவல் ஐ.எஸ்.ஓ. 28560 என்ற பொது விதிப்படி எழுதப்பட வேண்டும். அவ்வகைச் சில்லுகளை ஆண்ட்ராய்டு பேசிகளும், 2019க்குப் பிந்தைய மென்பொருள் உள்ள ஐபோன்களும் படிக்கவல்லவை; ஆகவே லட்சங்கள் விழுங்கும் கருவி இல்லாமலே ஒரு சிற்றூர் நூலகர் தம் செல்பேசியால் இருப்பெடுக்கலாம். எழுதும் கடவுச்சொல் முதல்நாளே நூலகரிடம் எழுத்துமூலம் ஒப்படைக்கப்பட வேண்டும். வாசகரின் பெயரோ நூலின் தலைப்போ சில்லில் இடம்பெறக் கூடாது.

கூரை ஒழுகும் நூலகங்களுக்குச் சில்லு எதற்கு என்று கேட்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை, கூரைதான் முதலில். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபின் இம்மாவட்டத்தின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கணினியில் மட்டும் பட்டியல் வைத்திருப்பவர்கள் அந்நாள்களை நினைத்துப் பார்க்கலாம். மின்கலமற்ற சில்லுக்கும் சிறிதளவு சார்ஜ் மிஞ்சிய செல்பேசிக்கும் மின்வாரியத்தின் தயவு தேவைப்படுவதில்லை.

எங்கள் நானூறு புத்தகங்களில் முந்நூற்றுச் சொச்சத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. எழுதுவதற்கான கடவுச்சொல்லை இரண்டு தாள்களில் எழுதி, இரண்டு ஊர் வீட்டு அலமாரிகளிலும் உட்பக்கமாக ஒட்டியிருக்கிறோம். மஞ்சக்குப்பத்துத் தாளில் ஈரம் ஏறி இரண்டு எழுத்துகள் கலைந்திருக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை புதிதாக எழுதி ஒட்டவேண்டும்.