கையெழுத்து வாங்கினால் கடமை முடிந்ததா?



தனியார் ராக்கெட்டில் விண்வெளிக்குப் போய்வருபவர்களின் வீடியோக்களை அடிக்கடி பார்க்கிறோம். நடிகர் வில்லியம் ஷாட்னர் 2021-இல் தம் 90-ஆவது வயதில் போய்வந்தார். மகிழ்ச்சிதான். ஆனால் ஏறுவதற்கு முன் இவர்கள் போடும் கையெழுத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அமெரிக்கச் சட்டம் இவர்களைப் 'பயணி' என்பதில்லை. 'விண்வெளிப் பயணப் பங்கேற்பாளர்' என்கிறது. சொல்லில் மட்டுமல்ல வித்தியாசம். விமானத்துக்கு அரசு பாதுகாப்புச் சான்று தருகிறது. இங்கோ, 'இந்த வாகனம் பாதுகாப்பானது என்று அரசு சான்றளிக்கவில்லை' என்று நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பங்கேற்பாளர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அரசின் மீது வழக்குப் போடமாட்டேன் என்றும் எழுதித்தர வேண்டும். வாகனத்தை இயக்குபவருக்கு மருத்துவச் சான்று கட்டாயம். உடன் போகிறவருக்குக் கட்டாயமில்லை.

பெரிய விபத்து நடந்தாலொழிய, உள்ளே இருப்பவரின் பாதுகாப்புக்கு அரசு விதி போடக்கூடாது என்று 2004-இல் சட்டம் வந்தது. இதற்குக் 'கற்றல் காலம்' என்று பெயர். 8 ஆண்டு என்று தொடங்கியதைப் பலமுறை நீட்டித்து, இப்போது 2028 ஜனவரி 1 வரை கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பட்டமே வாங்கியிருக்கும்! பரீட்சைத் தேதி இல்லாத படிப்பு என்ன படிப்பு?

உடலுக்கு என்ன ஆகும்? எடையற்ற நிலையில் ரத்தமும் நீரும் தலைப்பக்கம் ஏறும். முதல் சில நாட்கள் பலருக்குக் குமட்டல். மாதக்கணக்கில் தங்கினால் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை தேயும், சிலருக்குப் பார்வை மாறும், கதிர்வீச்சும் சேரும். சில நிமிடப் பயணத்தில் இவை பெரிதல்ல. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் உடலை அழுத்தும் விசையை இதயம் தாங்கியாக வேண்டும். இவற்றில் பெரும்பகுதி, பொறுக்கியெடுத்துப் பல ஆண்டு பயிற்சி தந்த வீரர்களிடம் கண்டறிந்தவை. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களைப் பற்றிய தகவல் மிகக் குறைவு.

"மலையேறுபவனை யார் தடுக்கிறார்கள்?" என்று கேட்கலாம். நியாயம். நானும் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் 2014-இல் ஸ்பேஸ்ஷிப்டூ சோதனைப் பயணத்தில் உடைந்து சிதறித் துணை விமானி இறந்தார். ஒரே ஒரு மனிதத் தவறு பேரழிவில் முடியலாம் என்பதைத் தயாரித்த நிறுவனம் கணக்கில் எடுக்கவில்லை என்று விசாரணை சொன்னது. தயாரித்தவரே யோசிக்காத ஆபத்துக்குப் பயணி எப்படிச் சம்மதிப்பார்?

பயணத்துக்கு முன் வாய்மொழியாகக் கேள்வி கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் "புரிந்ததா?" என்றால் வகுப்பே "புரிந்தது சார்" என்று கத்தும். அதை நம்பி எந்த ஆசிரியரும் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை.

என் கருத்து இதுதான். நிறுவனத்தைச் சாராத மருத்துவர் ஒருவர், அந்தந்த உடம்புக்குரிய ஆபத்தை நேரில் விளக்க வேண்டும். போய்வந்தவர்களின் உடல்நிலைத் தகவலைப் பெயரில்லாமல் பொதுவில் சேர்க்க வேண்டும். 2021-இல் 3 நாள் பூமியைச் சுற்றிய இன்ஸ்பிரேஷன்4 குழுவின் நால்வரும் தாமாகவே ஆய்வுக்கு ரத்த மாதிரி தந்தார்கள். அதைக் கடமையாக்கலாம். இவை நடக்காமல் 2028-இல் மறுபடியும் நீட்டிக்கக் கூடாது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்கள்.